‘‘எங்க ஊரைப் பத்தி என்ன எழுதுனீய... படிச்சுக் காட்டுங்க!’’ - கல்லூரி மாணவர்களுக்குப் பாடம் எடுக்கும் மலையடிவார கிராமம்

பஸ் வந்து நின்றபோது மணி மாலை ஆறரை. நான்கு மணிக்கே வந்துவிடுவதாகச் சொல்லியிருந்தார்கள். வழியில் கிருஷ்ணாபுரம் கோயில் சிற்பங்களைப் பார்க்க இறங்கியதில் தாமதமாகிவிட்டதாம். 38 மாணவர்கள், இரண்டு பேராசிரியர்கள், டிரைவர், கிளீனர் என மொத்தம் 42 பேர். இறங்கியதுமே பாதிப் பேர் செல்போனைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தார்கள். செல்ஃபிக்காக இல்லை, சிக்னலுக்காக!

சமையற்கட்டு வாசலில் நின்றிருந்த ஆச்சி இடுப்பில் கைவைத்தபடி சிரித்தார். ‘‘நாலு மணிக்கு வாராவனு சுண்டல் அவிச்சு வெச்சேன். அது ஆறி அவலாப் போச்சு. சரி, கை கால் கழுவிட்டு வாங்க பிள்ளைகளா. இடியாப்பமும் சொதியும் சூடா இருக்கு.’’

திருநெல்வேலி மாவட்டத்தில், மேற்குத் தொடர்ச்சி மலை அடிவாரத்தில் இருக்கிறது இந்தக் கள ஆய்வு மையம். இரண்டு பெரிய ஹால், ஒரு சமையற்கட்டு, வரிசையாக ஆறு கழிப்பறைகள், முற்றத்தில் ஒரு வேப்பமரம். அவ்வளவுதான் கட்டடம். சமூகப்பணி, தாவரவியல், விலங்கியல், வேளாண்மை எனப் பல துறை மாணவர்கள் இங்கே வந்து தங்கி, கிராமத்தையும் மலையடிவாரத்தையும் படித்துவிட்டுப் போகிறார்கள்.

மையத்தின் பெயரையும் ஊரின் பெயரையும் எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார் ஒருங்கிணைப்பாளர் அக்கா. ‘‘பேர் போட்டா அடுத்த சனி, ஞாயிறே கார் எடுத்துட்டுக் குளிக்க வந்துருவாங்க தம்பி. நாங்க ரிசார்ட் இல்ல’’ என்றார். நியாயம்தான். அதனால் இந்தக் கட்டுரையில் பெயர்கள் கிடையாது. மூன்று நாள் அங்கே தங்கி நான் பார்த்தது மட்டும் உண்டு.

முதல் அரை மணி நேரம்

சாப்பாடு முடிந்ததும் எல்லோரையும் வேப்பமரத்தடியில் உட்காரவைத்தார் அக்கா. வரவேற்புரை, பொன்னாடை, பூங்கொத்து எதுவும் இல்லை. நேராக விஷயத்துக்கு வந்தார்.

‘‘ராத்திரி வெளிய போனா டார்ச் இல்லாமப் போகக் கூடாது. வெறும் செருப்பு வேண்டாம், ஷூ போடுங்க. பாம்பைப் பார்த்தா கிட்டப் போகாதீங்க, அடிக்காதீங்க. கடிச்சிருச்சுன்னா கீறக் கூடாது, உறிஞ்சக் கூடாது, கயிறு போட்டு இறுக்கக் கூடாது. கடிபட்ட கையைக் காலை அசைக்காம வெச்சு, எங்களைக் கூப்பிடணும். 108-க்கு நாங்க சொல்லிக்கிறோம். எந்த ஆஸ்பத்திரியில விஷமுறிவு மருந்து இருக்கு, எவ்வளவு நேரத்துல போகலாம்னு எல்லாம் சுவத்துல எழுதிப் போட்டிருக்கு.’’

சும்மா பயமுறுத்துகிறார் என்று சிலர் சிரித்தார்கள். 2000-ம் ஆண்டு முதல் 2019 வரையிலான 20 ஆண்டுகளில் இந்தியாவில் ஏறத்தாழ 12 லட்சம் பேர் பாம்புக்கடியால் இறந்திருக்கலாம் என்று, 2020-ல் வெளியான ஓர் ஆய்வு கணக்கிட்டது. அந்த இறப்புகளில் பெரும்பகுதி கிராமங்களில்தான். அக்கா இதைச் சொன்னதும் சிரிப்பு நின்றது.

அடுத்தது காடு. ‘‘அந்தா தெரியுதுல்லா மலை... அது களக்காடு - முண்டந்துறை புலிகள் காப்பகம். வேலிக்கு அந்தப் பக்கம் வனத்துறை அனுமதி இல்லாம ஓரடி எடுத்து வைக்க முடியாது. இலை, பூ, பூச்சி எதையும் பறிச்சு, பிடிச்சுப் பையில போடக் கூடாது.’’ 1962-ல் அறிவிக்கப்பட்ட முண்டந்துறை சரணாலயத்தையும், சிங்கவால் குரங்குகளுக்காக 1976-ல் உருவான களக்காடு சரணாலயத்தையும் சேர்த்து 1988-ல் உருவாக்கப்பட்டது இந்தக் காப்பகம். தமிழ்நாட்டின் முதல் புலிகள் காப்பகம் இதுதான்.

மூன்றாவதாகச் சொன்னதுதான் நான் எதிர்பார்க்காதது.

‘‘நாளைக்கு ஊருக்குள்ள போவீங்க. யார் வீட்டுக்குள்ளயும் அவங்க கூப்பிடாம நுழையக் கூடாது. சாப்பிடுற நேரத்துல போகக் கூடாது. வாய்க்கால்ல குளிக்கிற பக்கம் போனைத் தூக்கவே கூடாது. யாரைப் படம் எடுத்தாலும் எதுக்கு எடுக்குறோம், எங்க போடுவோம்னு சொல்லிக் கேட்டுட்டு எடுக்கணும். வேண்டாம்னா வேண்டாம்தான். கடைசி நாள் ராத்திரி, நீங்க எழுதுனதை அம்மன் கோயில் முன்னால நின்னு ஊர்க்காரங்களுக்குப் படிச்சுக் காட்டணும். இது எங்க ரூல்ஸ் இல்ல... ஊர் போட்ட ரூல்ஸ்.’’

பிறகு என் பக்கம் திரும்பி, என் டிரைபாடைப் பார்த்தார். ‘‘தம்பி, பத்திரிகைக்காரங்களுக்கும் சேர்த்துத்தான்.’’

ஷவரைக் கழற்றிய கதை

மறுநாள் அதிகாலை ஐந்து மணிக்கே சமையற்கட்டில் அடுப்பு எரிந்தது. ஆச்சியோடு சேர்த்து நான்கு பெண்கள். எல்லோரும் இந்த ஊர் சுய உதவிக்குழுவைச் சேர்ந்தவர்கள்.

‘‘42 பேருக்கு எவ்வளவு அரிசி போடுவீங்க ஆச்சி?’’

‘‘மொத நாளுக்கு ஆறு கிலோ போதும். ஹாஸ்டல் பிள்ளைய, கொறிச்சுட்டுப் போயிரும். ரெண்டாம் நாளு எட்டு கிலோ போடணும். வயல்ல நடக்க விட்டா சோறு தன்னால எறங்கும்’’ என்றார். அவர் சொன்னபடியே நடந்தது. இரண்டாம் நாள் மதியம் சாம்பார் தீர்ந்து, ரசத்தை இரண்டாவது முறை கூட்ட வேண்டியிருந்தது.

மாணவர்களிடம் வாங்கும் கட்டணத்தில் கணிசமான பங்கு ஊருக்குள்ளேயே சுற்றுகிறது. மளிகைச் சாமான் ஊரில் இருக்கும் அண்ணாச்சி கடையில். பால், மாடு வைத்திருக்கும் வீடுகளில். காய்கறி முடிந்தவரை பக்கத்துத் தோட்டங்களில். சமையல் செய்யும் பெண்களுக்கும், மாணவர்களை வயலுக்கும் குளத்துக்கும் அழைத்துப் போகிறவர்களுக்கும் அன்றன்றே கூலி. ‘வழி காட்டுவதற்கு எதற்குக் காசு?’ என்று ஆரம்பத்தில் சில கல்லூரிகள் கேட்டதுண்டாம். ‘‘அவங்க அன்னைக்கு ஒரு நாள் வேலையை விட்டுட்டு வந்து பாடம் நடத்துறாங்க. வாத்தியாருக்குச் சம்பளம் கொடுக்குறோம்ல?’’ என்பது அக்காவின் பதில்.

சிக்கல்களும் உண்டு. 50 பேர் வருவதாகச் சொல்லிக் காய் வாங்கிவைத்தபின், முந்தின நாள் இரவு ‘டூர் கேன்சல்’ என்று வாட்ஸ்அப் அனுப்பிய கல்லூரி ஒன்று. அதிலிருந்து முன்பணம் வாங்காமல் தேதி கொடுப்பதில்லை. வருமானமும் சீரானது இல்லை. டிசம்பர் கடைசியில் தொடங்கி மார்ச் வரை குழுக்கள் வரிசைகட்டும். தேர்வு, விடுமுறை மாதங்களில் முற்றம் காலியாகக் கிடக்கும்.

குளியலறையில் ஷவர் பொருத்தியிருந்த அடையாளம் இருந்தது. ஷவர் இல்லை. ‘‘நாங்கதான் கழட்டினோம்’’ என்றார் அக்கா. ‘‘ஷவர் இருந்தப்ப டேங்க் ஒரே காலையில காலியாகும். மறுபடி மோட்டார் போடணும். எங்க போர்ல இருந்து நூறடி தள்ளித்தான் ஊர்க் கிணறு. தெருக்குழாய்ல ஒருநாள் விட்டு ஒருநாள்தான் தண்ணி வரும். விருந்தாளிக்காக ஊர்க்காரங்க வாயில மண்ணைப் போட முடியுமா?’’

இப்போது ஆளுக்கு இரண்டு வாளி. ஒரு வாளிக்கு 20 லிட்டர் என்று வைத்தாலும் 42 பேருக்கு 1,680 லிட்டர். வாளியைப் பார்த்ததும் முகம் சுளித்த ஒரு மாணவி, மூன்றாம் நாள் ஒன்றரை வாளியில் குளித்துவிட்டு வந்து பெருமையாகச் சொன்னார். முதல் பாடம் குளியலறையிலேயே நடந்துவிட்டது.

கதவு அடைத்த வருடம்

அந்த ‘ஊர் ரூல்ஸ்’ எப்படி வந்தது என்று கேட்டபோது, கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார் அக்கா.

நான்கு வருடங்களுக்கு முன்பு ஒரு கல்லூரிக் குழு வந்தது. அதிலிருந்த ஒருவர், வீட்டுத் திண்ணையில் பனியனோடு உட்கார்ந்து பழைய சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்த பெரியவர் ஒருவரை வீடியோ எடுத்தார். சோக இசை சேர்த்து, ‘வறுமையின் நிறம்’ என்ற ரீதியில் ஏதோ எழுதிப் போட்டுவிட்டார். அது வேகமாகப் பரவியது.

அந்தப் பெரியவர் வறுமையில் இல்லை. சொந்தமாக நிலம் இருக்கிறது. இரண்டு பிள்ளைகளைக் கல்லூரி வரை படிக்கவைத்தவர். பழைய சோறு அவருக்குப் பிடிக்கும், அதனால் சாப்பிட்டார். வீடியோ வெளியூரில் வேலை பார்க்கும் மகனின் போனுக்கே வந்து சேர்ந்தது. ‘உங்க அப்பாவுக்கு ஒரு வாய் நல்ல சோறு போட மாட்டீங்களா?’ என்று கேட்டிருக்கிறார்கள் அலுவலகத்தில். மகன் ஊருக்குப் போன் செய்து அழுதிருக்கிறார்.

‘‘அன்னைக்கு ராத்திரியே கோயில்ல ஊர் கூடிருச்சு. ‘இனிமே ஒரு காலேஜும் ஊருக்குள்ள காலெடுத்து வைக்கக் கூடாது’ன்னுட்டாங்க. எனக்குப் பதில் சொல்ல வாய் வரல. அந்தப் பிள்ளைங்களைக் கூட்டிட்டு வந்தது நாங்கதானே? கல்லூரிக்குப் பேசி வீடியோவை எடுக்கவெச்சோம். ஆனா அதுக்குள்ள எத்தனை பேர் போன்ல ஏறியிருக்குமோ... எட்டு மாசம் ஒரு குழுவைக்கூட எடுக்கல. சமையல் அக்காங்களுக்கும் வேலை இல்லாமப் போச்சு.’’

அந்த எட்டு மாதங்களில் வீடு வீடாகப் போய்ப் பேசினார்கள் மையத்துக்காரர்கள். அப்போதுதான் வீடியோவுக்கு முன்பிருந்தே சேர்ந்துகிடந்த வேறு கோபங்களும் வெளியே வந்தன.

ஒரு வீட்டில் ஒரே வருடத்தில் ஐந்து கல்லூரிகள் வந்து ‘மாத வருமானம் எவ்வளவு, வீட்டில் கழிப்பறை இருக்கிறதா’ என்று கேட்டிருக்கின்றன. அந்த வீட்டு அம்மாவை நானும் சந்தித்தேன். ‘‘அஞ்சு தடவ கேட்டாவ. நானும் அஞ்சு பதில் சொன்னேன். ஒருத்தராவது திரும்பி வந்து, ‘இது சரியா’னு கேட்டாவளா? நாங்க சொன்னத என்ன செஞ்சாவனும் தெரியாது. அதான் வாய்க்கு வந்ததச் சொல்லிட்டேன்’’ என்று சொல்லிவிட்டு அவர் சிரித்தார். அந்த ஐந்து பதில்களும் ஐந்து கல்லூரி நூலகங்களில் ‘ஆய்வறிக்கை’யாக உட்கார்ந்திருக்கும் என்று நினைத்தபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை.

கடைசியில் ஊரே சில நிபந்தனைகளோடு கதவைத் திறந்தது. கேட்டுவிட்டுப் படம் எடுக்க வேண்டும். ஏற்கெனவே கேட்ட கேள்விகளை மறுபடி கேட்கக் கூடாது. எழுதியதை ஊருக்குப் படித்துக்காட்டிவிட்டுத்தான் கொண்டுபோக வேண்டும். இப்போது வீடுகளின் எண்ணிக்கை, குழாய்கள், பயிர்கள் போன்ற அடிப்படைத் தகவல்களை மையமே தொகுத்து, ஊர்க்காரர்களிடம் சரிபார்த்து, வருகிற குழுவுக்கு முன்கூட்டியே அனுப்பிவிடுகிறது. கேள்வித்தாளையும் இரண்டு வாரம் முன்பே வாங்கிப் பார்க்கிறார்கள். இந்தக் குழு கொண்டுவந்த 46 கேள்விகளில் 30 கேள்விகளை அக்கா சிவப்பு மையால் அடித்திருந்தார்.

வேலியில் காயாத சேலை

இரண்டாம் நாள் காலை வயல் நடை. அறுபது வயதைத் தாண்டிய விவசாயி அம்மா ஒருவர்தான் அன்றைய ஆசிரியர். குளத்துக்கரையில் தொடங்கி, வாய்க்கால் ஓரமாக நடந்து, காட்டோர வயல் வரை போவது திட்டம்.

குளத்தில் நாமக்கோழிகளும் நத்தைகுத்தி நாரைகளும் மேய்ந்துகொண்டிருந்தன. தாமிரபரணிப் படுகையில் உள்ள குளங்களில் 2011 முதல் ஆண்டுதோறும் நீர்ப்பறவைகள் கணக்கெடுப்பு நடக்கிறது. அதில் தன்னார்வலர்களாக மாணவர்களும் பங்கேற்கிறார்கள். அந்த அம்மாவுக்குப் பறவைகளின் புத்தகப் பெயர்கள் தெரியாது. ஆனால், எது எந்த மாதம் வரும், எது வந்தால் குளத்தில் தண்ணீர் எவ்வளவு இருக்கும் என்று சொன்னார். விரல் ஓயாமல் எழுதிக்கொண்டார்கள் மாணவர்கள்.

ஜனவரி மாதம் என்பதால் பிசான நெல் பால் பிடித்து நின்றது. தாமிரபரணிப் பாசனத்தில் ஜூனில் தொடங்குவது கார் பருவம், அக்டோபரில் தொடங்குவது பிசானம். காட்டோர வயலைச் சுற்றி, கம்புகள் நட்டு, பழைய சேலைகளை நீளமாகக் கட்டியிருந்தார்கள்.

‘‘துணி காயப் போட்டிருக்காங்களா பாட்டி?’’ என்று ஒரு மாணவர் கேட்டார்.

‘‘காட்டுப்பன்னிக்குய்யா. சேலை காத்துல ஆடுனா ஆளு நிக்குனு நெனச்சு வராதுனு கெட்டுதோம். ரெண்டு மாசத்துல அதுக்கும் புத்தி வந்துரும். அப்புறம் ராத்திரி முழிச்சுக் கெடக்கணும்’’ என்றார். ஒரே இரவில் பன்றிகள் உழப்பிப்போட்ட ஒரு மூலையையும் காட்டினார். வனவிலங்குப் பாதுகாப்பைப் பாடப் புத்தகத்தில் படித்த பிள்ளைகள், அதன் விலையில் ஒரு பகுதியை யார் கொடுக்கிறார்கள் என்பதை அந்த வரப்பில் நின்று பார்த்தார்கள். ‘‘அப்போ பன்றியைக் கொல்லணுமா, வேண்டாமா?’’ என்று வரப்பிலேயே ஒரு விவாதம் ஓடியது. முடிவு கிடைக்கவில்லை. அந்த அம்மா நடுவில் புகுந்து, ‘‘மொதல்ல வரப்ப விட்டு எறங்காம சண்ட போடுங்க. நெல்ல மிதிக்கீய’’ என்றார்.

புளியங்கொட்டை சொன்ன உண்மை

மாலையில் அம்மன் கோயில் முன்பு ஊர்ப் பெண்கள் கூடினார்கள். தரையில் கோலப்பொடியால் ஊரை வரைய வேண்டும். கிராம மக்களே தங்கள் ஊரை வரைந்து, அலசிப் பார்க்கும் இந்த முறை, 1980-களின் பிற்பகுதியிலிருந்து உலகம் முழுக்கப் பரவியது. பிரிட்டனைச் சேர்ந்த அறிஞர் ராபர்ட் சேம்பர்ஸ் இதைப் பரவலாக்கியவர்களில் முக்கியமானவர். அவர் வலியுறுத்தியது எளிமையான விஷயம்: சாக்பீஸை ஊர்க்காரர் கையில் கொடுங்கள், நீங்கள் பேசாமல் இருங்கள்.

பேசாமல் இருப்பது அத்தனை லேசு இல்லை. மாணவர்கள் முந்திக்கொண்டு பள்ளிக்கூடத்தையும் பஞ்சாயத்து அலுவலகத்தையும் பெரிதாக வரைந்தார்கள். பெண்கள் கொஞ்ச நேரம் பார்த்தார்கள். பிறகு ஒருவர் கோலப்பொடியை வாங்கி, முதலில் ஒவ்வொரு தெருவிலும் குழாய் இருக்கும் இடத்தில் புள்ளி வைத்தார். கடைசித் தெருவில் புள்ளியே இல்லை. யாரும் எதுவும் சொல்லாமலேயே எல்லோருக்கும் புரிந்தது.

அடுத்து பன்னிரண்டு மாதங்களுக்குப் பன்னிரண்டு கட்டம். எந்த மாதத்தில் எவ்வளவு வேலை கிடைக்கிறது என்பதற்குப் புளியங்கொட்டை. நடவுக்கும் அறுப்புக்கும் கொட்டைகள் குவிந்தன. ஏப்ரலிலும் மே மாதத்திலும் ஒன்றிரண்டுதான். ‘எந்த மாதம் கடன் வாங்குவீர்கள்?’ என்பதற்குச் சின்னக் கூழாங்கற்கள். அவை அத்தனையும் மே கடைசியிலும் ஜூனிலும் போய் உட்கார்ந்தன.

‘‘அப்பதான பள்ளிக்கூடம் தெறக்கும்? நோட்டு, பை, பீஸு எல்லாம் அப்பதான். கையில வேலை இருக்காது’’ என்றார் ஓர் இளம் தாய்.

அந்த இரண்டு கட்டங்களையும் பார்த்தபடி நின்றார் ஒரு மாணவி. தானும் இப்படியொரு கிராமத்திலிருந்து படிக்க வந்தவர் என்று பிறகு என்னிடம் சொன்னார். ‘‘எங்கம்மா எப்பவும் ஜூன் மாசம்தான் கம்மலை அடகு வைப்பாங்க. ஏன் ஜூன்ல மட்டும்னு நான் யோசிச்சதே இல்ல சார்’’ என்றார்.

அடிக்கப்பட்ட ஒரு வரி

மாணவர்களைக் கிராமத்தில் தங்கவைத்துப் பாடம் கற்பிப்பது நமக்குப் புதிது அல்ல. திண்டுக்கல் பக்கம் காந்திகிராமம் 1947-லேயே தொடங்கப்பட்டது. காந்தி நூற்றாண்டில், 1969-ல் தொடங்கிய நாட்டு நலப்பணித் திட்டம் ஏழு நாள் கிராம முகாம்களைக் கல்லூரிகளுக்குப் பழக்கப்படுத்தியது. ஆனால், முகாம் முடிந்து பஸ் கிளம்பிய பிறகு அந்த ஊர் நம்மைப் பற்றி என்ன நினைத்தது என்பதைக் கேட்டுக்கொண்டவர்கள் குறைவு. இந்த ஊரில் அதைக் கேட்டே ஆக வேண்டும்.

மூன்றாம் நாள் இரவு. மதியம் சாப்பிட்ட உளுந்தஞ்சோறும் எள்ளுத் துவையலும் இன்னும் நாக்கில் இருந்தது. கோயில் முன் டியூப்லைட் கட்டி, பாய் விரித்திருந்தார்கள். எழுபது, எண்பது பேர் வந்திருப்பார்கள். மாணவர்கள் குழு குழுவாக வந்து படித்தார்கள். மேடையில் பேசிப் பழகிய சிலருக்குக்கூடக் கை நடுங்கியது. மதிப்பெண் போடும் பேராசிரியர் முன்பு வராத நடுக்கம், எழுதப்பட்ட மக்கள் எதிரில் உட்கார்ந்திருக்கும்போது வருகிறது.

சுகாதாரம் பற்றிய அறிக்கையை ஒரு மாணவர் படித்தார். ‘‘இவ்வூர் மக்களிடம் குப்பை மேலாண்மை குறித்துப் போதிய விழிப்புணர்வு இல்லாததால், வாய்க்காலில் குப்பை கொட்டப்படுகிறது...’’

‘‘நில்லுங்கய்யா’’ என்று எழுந்தார் கடைசித் தெருப் பெண் ஒருவர். ‘‘விழிப்புணர்வு இல்லைனு எப்படித் தெரிஞ்சுது உங்களுக்கு?’’

மாணவருக்குப் பதில் வரவில்லை. ‘‘வாய்க்கால்ல குப்பை கெடந்துச்சு...’’

‘‘கெடக்குதான். நாங்கதான் கொட்டுதோம். குப்பை வண்டி மேலத் தெருவரைக்கும் வரும். பாலம் உடஞ்சு கெடக்கதுனால எங்க தெருவுக்கு வராது. நாங்க குப்பையத் தலையில வெச்சுக்கிட்டா இருக்க முடியும்? வண்டி ஏன் வரலைனு எங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டீயளா?’’

கோபமாகச் சொல்லவில்லை. கேள்வியாகத்தான் கேட்டார். கூட்டம் அமைதியாக இருந்தது. அந்த மாணவர் பேனாவை எடுத்து, அந்த வரியை அங்கேயே அடித்தார். ‘‘நீங்க சொல்லுங்கம்மா... எழுதிக்கிறேன்’’ என்றார். புதிய வரி இப்படி இருந்தது: ‘பாலம் உடைந்திருப்பதால் குப்பை வண்டி கடைசித் தெருவுக்கு வருவதில்லை. அதனால் அங்குள்ளவர்கள் வாய்க்காலில் குப்பை கொட்ட வேண்டியிருக்கிறது.’

ஒரே குப்பைதான். முதல் வரியில் தப்பு மக்களுடையது. இரண்டாவது வரியில், சரிசெய்ய வேண்டியது பாலம்.

நான் கூட்டத்தின் ஓரத்தைப் பார்த்தேன். அங்கே தூணில் சாய்ந்து ஒரு பெரியவர் நின்றிருந்தார். அக்கா என் காதருகே வந்து, ‘‘அவருதான் தம்பி... அந்த வீடியோவுல வந்தவர். நாலு வருஷத்துல ஒருதடவைகூட வந்ததில்ல’’ என்றார். பெரியவர் யாரிடமும் பேசவில்லை. மாணவர்கள் பக்கம் சிரிக்கவும் இல்லை. ஆனால், கடைசி அறிக்கையைப் படித்து முடிக்கும்வரை நின்றிருந்தார். பிறகு துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நடந்துவிட்டார். மன்னித்துவிட்டார் என்றெல்லாம் என்னால் எழுத முடியாது. வந்தார், கேட்டார். அக்காவுக்கு அதுவே பெரிதாக இருந்தது. அவர் கண்களைத் துடைத்ததைப் பார்த்தேன்.

ஜனவரி 26

குழு கிளம்பிய இரண்டாம் நாள் குடியரசு தினம். தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஆறு நாள்கள் கிராம சபை கூடும்: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. மாணவர்கள் கோலப்பொடி வரைபடத்தைப் பார்த்துத் தாளில் பெரிதாக வரைந்து, ஒரு பிரதியை ஊரிலேயே விட்டுப் போயிருந்தார்கள். கடைசித் தெருப் பெண்கள் அதைச் சுருட்டி எடுத்துக்கொண்டு கிராம சபைக்குப் போனார்கள்.

சென்னைக்குத் திரும்பிய பிறகு போன் செய்து கேட்டேன். ‘‘பாலமும் குழாயும் தீர்மான நோட்டுல ஏறியிருக்கு தம்பி. வேலை நடந்தாத்தான் நிஜம். மே 1-ம் தேதி மறுபடி போய்க் கேப்பாங்க’’ என்றார் அக்கா. குப்பை வண்டி இன்னும் கடைசித் தெருவுக்கு வரவில்லை.

கிராமத்துக்கு மாணவர்களை அழைத்துச் செல்கிறீர்களா?

* தேதியைப் போலவே, கேள்வித்தாளையும் முன்கூட்டியே தங்கவைப்பவர்களிடம் காட்டுங்கள். ஏற்கெனவே இருக்கும் தகவலுக்காக மக்களைத் தொந்தரவு செய்யாதீர்கள்.

* எத்தனை பேர், எத்தனை மணிக்கு வருவீர்கள் என்பதைச் சரியாகச் சொல்லுங்கள். தாமதமானால் போன் செய்யுங்கள். அங்கே யாரோ அடுப்பைப் பற்றவைத்துவிட்டுக் காத்திருக்கிறார்கள்.

* ஒவ்வாமை, ஆஸ்துமா, வலிப்பு போன்ற பிரச்னை உள்ள மாணவர்களின் விவரத்தையும் அவர்களின் மருந்துகளையும் பொறுப்பாசிரியர் கையில் வைத்திருக்க வேண்டும்.

* டார்ச், ஷூ, தண்ணீர் பாட்டில், தட்டு, டம்ளர் ஆளுக்கு ஒன்று கட்டாயம். பிளாஸ்டிக் குப்பையை வந்த பஸ்ஸிலேயே திரும்ப எடுத்துச் செல்லுங்கள்.

* வழி காட்டுபவர், சமைப்பவர், பாடல் சொல்லித் தருபவர் எல்லோருக்கும் கூலி உண்டா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

* அறிக்கையின் ஒரு பிரதியைத் தமிழில், புரிகிற மொழியில், அந்த ஊருக்கே கொடுங்கள்.

கிளம்பும் நாள் காலையில், ஆச்சியை வைத்து ஒரு நிமிட ரீல்ஸ் எடுக்கலாம் என்று ஆசைப்பட்டேன். பின்னால் மலை, முன்னால் புகையும் அடுப்பு, நடுவில் ஆச்சி. லைக்ஸ் குவிந்திருக்கும். எதற்கு எடுக்கிறேன், எங்கே போடுவேன் என்று எல்லாவற்றையும் சொல்லிக் கேட்டேன். அவர் முந்தானையில் கை துடைத்துக்கொண்டே யோசித்தார்.

‘‘நான் வேண்டாம்யா. வேணும்னா பானையை எடுத்துக்கோ. நல்லா வெளக்கி வெச்சிருக்கேன்.’’

இந்தக் கட்டுரையில் ஏன் வெறும் பானைகளின் படம் மட்டும் இருக்கிறது என்று நீங்கள் யோசித்திருக்கலாம். காரணம் இதுதான்.